நாற்பத்தோராவது ஆணி

என் மனைவியிடம் ஒரு கடிகாரம் இருக்கிறது. சாவி கொடுத்தால் ஓடுகிற, பெண்டுலம் ஆடுகிற பழைய சுவர்க் கடிகாரம். வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கிய அன்று மற்றவர்களைப் போல அவள் சேலைக் கடைக்குப் போகவில்லை. கிழக்கேகோட்டையில் ஒரு பழைய சாமான் கடையில் ஏறி இதை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாளாம். கண்டக்டர் கடிகாரத்துக்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னார் என்று இன்றைக்கும் சொல்வாள். நான் பாதிதான் நம்புவேன். அடுத்த மாதம் எங்களுக்குக் கல்யாணம் ஆயிற்று. கடிகாரமும் அவளோடு என் வாடகை வீட்டுக்கு வந்து, பழைய வேஷ்டியில் சுற்றப்பட்டு, பீரோவின் மேல் மல்லாந்து படுத்தது. பத்தொன்பது வருஷம் அப்படியே படுத்திருந்தது.

காரணம் ஆணி. திருவனந்தபுரத்தில் நாங்கள் ஆறு வாடகை வீட்டில் இருந்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒப்பந்தம் எழுதி முடிக்கிற சமயத்தில் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வரி சேர்க்கச் சொல்வார்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இவர்களில் ஒருவர் கட்சிக்காரர், ஒருவர் கோயில் கமிட்டி, இன்னொருவர் கட்சிக்கும் கமிட்டிக்கும் சேர்த்து எதிரி. வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போக முடியாத இவர்கள் எல்லோருக்கும் ஆணி விஷயத்தில் ஒரே கொள்கை. மூன்றாவது வீட்டில் நான் ஒரு தந்திரம் செய்தேன். எட்டு கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்த ஒட்டுக் கொக்கி ஒன்றை வாங்கிவந்து ஒட்டினேன். கடிகாரம் சாயங்காலம் வரை தொங்கியது. பிறகு கொக்கியும் கடிகாரமும் தோசை அளவுக்குச் சுண்ணாம்பும் சேர்ந்து, நல்லவேளையாக, மடித்து வைத்திருந்த மெத்தை மேல் விழுந்தன. காலி செய்தபோது அந்தத் தோசைக்கு அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு முறைதான் கடிகாரம் வெளியே வரும். ஆயுத பூஜைக்கு அவள் அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சாவி கொடுப்பாள். படுத்த வாக்கில் பெண்டுலம் ஆடாது. அதனால் நான் அதைச் சுவரோடு சேர்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் அசையாமல் நிற்க வேண்டும். இயந்திரம் துருப்பிடிக்காமல் இருக்க அந்த ஐந்து நிமிஷம் போதும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தாராம். டிக் டிக் என்று அது ஓடும்போது அவள் எதிரே தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். மணி அடிப்பதற்குள் இறக்கிவிடுவோம்.

கடைசியாக இருந்தது கரமனையில் ஒரு கீழ்த்தள வீடு. வீட்டுக்காரர் மேல்மாடியில். நல்ல மனிதர்தான், ஆனால் காது மட்டும் போலீஸ் காது. கீழே நாங்கள் தேங்காய் உடைத்தால்கூட படியிறங்கி வந்து, "எந்தா ஒரு சத்தம்?" என்று கேட்டு, நாலு சுவரையும் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் போவார். போன சித்திரை விஷு கழிந்த கையோடு அவர் வழக்கத்துக்கு மாறாக ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் இறங்கி வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகள் குடும்பத்தோடு திரும்பி வருகிறாள், ஓணத்துக்கு முன்னால் வீட்டை ஒழித்துத் தர வேண்டும் என்றார். பழம் நேந்திரம். காலி செய்யச் சொல்ல வந்தவர் கொண்டுவந்த பழம் அவ்வளவு ருசியாக இருந்ததில் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

அவர் போனதும் என் மனைவி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏன்னா, இன்னொரு வாடகை வீட்டுக்கு நான் வரமாட்டேன். கேட்டேளா? எனக்கு ஒரு சுவர் வேணும். நாலு கூட வேண்டாம், ஒண்ணு மதி, ஒண்ணே போறும். ஒருத்தர்ட்டயும் கேக்காம அதுல நான் ஒரு ஆணி அடிக்கணும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். நிதானமாகச் சொன்னதால் வீடு வாங்குவது என்று முடிவாகிவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்க்கிறோம். நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில், அவள் ஒரு சர்க்கார் ஆபீசில். வங்கிக் கடன் கிடைக்கும் என்று தெரிந்தது. அதனால் வீடும் கிடைக்கும் என்று நினைத்தேன். இந்த ஊரில் கடன் கிடைப்பதற்கும் வீடு கிடைப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் புரோக்கர். எப்போதும் வெள்ளைச் சட்டை, இரண்டு போன், ஒரு ஸ்கூட்டர். ஒரு போனில் வீடு வந்திருக்கிறது என்பார். நாங்கள் ஆட்டோ பிடிப்பதற்குள் இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டு, "சாரே, அது போயி" என்பார். கோயிலில் சுண்டல் கொடுக்கிற வேகத்தில் வீடுகள் தீர்ந்துகொண்டிருந்தன. பூஜப்புரையில் நாங்கள் பார்க்கப் போன முதல் வீட்டில், கேட்டில் கட்டியிருந்த விற்பனை அட்டையை ஒருவர் அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முடிச்சு அவிழவில்லை என்று நான்தான் ஒரு கை கொடுத்தேன்.

அடுத்த வீட்டில்தான் எங்கள் எதிரியைச் சந்தித்தோம். எதிரி ஒரு போன். வளைகுடாவில் இருக்கும் யாரோ ஒருவர் வீடியோ காலில் வீடு பார்க்கிறார். அவருடைய மைத்துனர் போனை நெஞ்சுக்கு நேராக ஏந்தியபடி அறை அறையாக நடப்பார். போனிலிருந்து "மேலே, மேலே" என்று உத்தரவு வரும். மைத்துனர் எட்டிக் குதித்துக் கூரையைக் காட்டுவார். வீட்டுக்காரர்களும் எங்களைப் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டுப் போனைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று இடங்களில் சந்தித்த பிறகு எங்களுக்குள் பழக்கமாகிவிட்டது. போன் என்னைப் பார்த்துத் தலையசைக்கும், நானும் அசைப்பேன்.

போனுக்கு எதிராக எங்களிடம் ஒரே ஒரு ஆயுதம் இருந்தது. தமிழ்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் இரண்டு பேர் குடும்பமும் தலைமுறைக் கணக்காக இந்த ஊரில்தான். வெளியே மலையாளம், வீட்டுக்குள் தமிழ். சாலைக் கடைத்தெருவில் மலையாளத்தில் விலை கேட்டு, தமிழில் எங்களுக்குள் ஆலோசித்து, மலையாளத்தில் குறைத்துக் கேட்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம். மலையாளிகளுக்குச் சினிமாத் தமிழ் புரியும் என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் எங்கள் வீட்டுத் தமிழ் வேறு, எப்போதோ திருநெல்வேலியிலிருந்து கொண்டுவந்து, நடுவில் வேண்டிய மட்டும் மலையாளம் ஊற்றிக் கலக்கிய தமிழ், அது இவர்களுக்குப் பிடிபடாது என்று நம்பினோம். பாதி மலையாளமாக இருக்கிற ஒரு பாஷை மலையாளிக்குப் புரியாது என்று நம்பிய எங்கள் புத்தியை என்னவென்று சொல்வது.

ஆக, வீடு பார்க்கும்போது முகத்தில் புன்னகையும் வாயில் தமிழுமாக நடந்தோம். போனை முதலில் சந்தித்த வீட்டில் நான் அவளிடம் சொன்னேன், "இவருக்கு ஏதோ அவசரமாக்கும். மூஞ்சியப் பாத்தாலே தெரியறது. நன்னா இறுக்கிப் பிடிச்சா கொறைப்பர்." வீட்டுக்காரர் அதுவரை விலையைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் ஒரு பைசா குறையாது என்றார். அதற்கடுத்த வீட்டில் குளியலறை முழுக்கப் பச்சை ஓடு. "பாசி பிடிச்ச குளத்துல எறங்கறாப்ல இருக்கு" என்றாள் இவள், சிரித்துக்கொண்டே. அந்த ஓட்டைக் கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்தவர் வீட்டுக்கார அம்மா. கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் சாயா வந்தது. எங்கள் இரண்டு பேர் சாயாவில் மட்டும் சர்க்கரை இல்லை.

இரண்டு வீடும் கை நழுவின. ராகு காலத்தில் கிளம்பியதுதான் காரணம் என்றாள் என் மனைவி. அடுத்த வீட்டுக்கு நேரம் பார்த்துக் கிளம்பினோம்.

அது திருமலையில் இருந்தது. வீட்டுக்காரர் எழுபது தாண்டியவர், அதிகம் பேசாதவர், ஒவ்வொரு அறையாகத் திறந்து காட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். "அய்யே, குருவிக்கூடு மாதிரின்னா இருக்கு! ஒருத்தி நின்னா இன்னொருத்தி வெளில நிக்கணும். இதைச் சொல்லியே வெலையக் கொறைக்கலாம்." பிறகு திரும்பி, வீட்டுக்காரரிடம் மலையாளத்தில், சமையலறை ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள். அவர் தலையசைத்தார். வாசலுக்கு வந்து நாங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது. அட்சர சுத்தமான தமிழ்.

"அந்தக் குருவிக்கூட்டுல நின்னுதாம்மா என் சம்சாரம் முப்பது வருஷம் பத்துப் பேருக்குச் சமைச்சுப் போட்டா. நீங்க பெரிய சமையலறையாப் பாத்து வாங்கிக்குங்க."

என் மனைவி இடது காலில் என் செருப்பை மாட்டிக்கொண்டு தெரு முனை வரை வந்துவிட்டாள். புரோக்கர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அத்தனை நாள் மலையாளத்தைத் தவிர வேறொன்றும் பேசாத அந்த மனிதரும் தமிழில் ஆரம்பித்தார்.

"என்ன சார் நீங்க? இந்த ஊர்ல தமிழ் என்ன ரகசியமா? இங்க பாதி தியேட்டர்ல ஓடறதே தமிழ்ப் படம்தான். முன்ன பாத்த ரெண்டு வீட்டுக்காரரும் எனக்குப் போன் பண்ணித் திட்டினாங்க. நான் என்னமோ இது உங்க டெக்னிக்னு நினைச்சேன். கேட்கட்டும்னே சொல்றீங்களாக்கும், அப்படியாவது விலை குறையும்னு."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வீடு போனதைவிட, அந்தப் பெரியவர் அத்தனை நேரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கதவு திறந்து காட்டினாரே, அதுதான் தாங்கவில்லை. திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றேன். எந்த பாஷையில் கேட்பது என்றாள் இவள். கடைசியில் போகவில்லை. இன்றைக்கும் திருமலைப் பக்கம் பஸ் போனால் நான் ஜன்னலுக்கு மறுபக்கம் பார்த்துக்கொள்வேன்.

அன்று கரமனை வீட்டில் சாமி விளக்குக்கு முன்னால் நின்று ஒரு சத்தியம் செய்துகொண்டோம். வீடு விற்கிறவர் முன்னால் ஒரு சொல் தமிழ் பேசுவதில்லை. அடுத்த வீட்டில் அதைக் கடைப்பிடித்தோம். மலையாளத்தில் ஒருவரோடொருவர் பேசிப் பழக்கமில்லாததால் பேசாமலே இருந்தோம். அவள் ஒரு மூலையைப் பார்த்தாள், நான் ஒரு மூலையைப் பார்த்தேன். மறுநாள் புரோக்கர் கூப்பிட்டு, உங்களுக்குள் ஏதாவது கேஸ் நடக்கிறதா என்று கேட்டார். புருஷன் பெண்டாட்டி பிரியப் போகிற நேரத்தில் வீடு கைமாறினால் ராசியில்லை என்று வீட்டுக்காரர் பின்வாங்கிவிட்டாராம். அந்த வீட்டைப் போன் வாங்கியதாகக் கேள்விப்பட்டேன். பிறகு பத்திரத்தில் ஏதோ தகராறு வந்து அவரும் வாங்கவில்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆடி பிறந்தது. மலையாளிகளுக்குக் கர்க்கடகம். யாரும் நல்ல காரியம் தொடங்காத மாதம், மழை வேறு. மேல்மாடிக்காரர் தினமும் ஒரு முறை இறங்கிவந்து ஓணத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று காலண்டரில் எண்ணிக் காட்டிவிட்டுப் போனார். அந்தக் காலண்டரும் ஜன்னல் கம்பியில்தான் கட்டியிருந்தது. என் மனைவி சாமான் கட்டுவதற்கு அட்டைப்பெட்டி சேர்க்க ஆரம்பித்தாள். வாடகை வீடு பார்க்கட்டுமா என்று நான் மெதுவாகக் கேட்டேன். அவள் பீரோ மேலிருந்த மூட்டையை எடுத்துத் தூசி தட்டி மறுபடி அங்கேயே வைத்தாள். அன்றைக்கு என் கையாலாகாத்தனத்தை நினைத்து எனக்கே என் மேல் கோபம் வந்தது.

அந்த மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் கூப்பிட்டார். ஆற்றுப் பக்கமாக ஒரு சந்துக்குள் சின்ன ஓட்டு வீடு. இரண்டு அறை, ஒரு கூடம், பின்னால் ஒரு பலா. விற்கிறவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ஊரே டீச்சர் என்று கூப்பிடும். தனியாக இருக்க முடியவில்லை என்று பெங்களூரில் மகளிடம் போகிறார். அட்வான்ஸ் சிங்கம், அதாவது நம் ஆவணி, பிறந்த பிறகுதான் வாங்குவார், ஆனால் ஆளை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ள நினைக்கிறார். "வாயத் தொறக்காதீங்க" என்று புரோக்கர் தமிழிலேயே எச்சரித்தார்.

நாங்கள் போனபோது போன் ஏற்கெனவே வந்திருந்தது. மைத்துனர் சுவரைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். இடித்துவிட்டுப் புதிதாக இரண்டு மாடி கட்டத்தான் இடம் பார்க்கிறேன், சுவரெல்லாம் காட்ட வேண்டாம், எல்லையைக் காட்டு என்றது போன். டீச்சர் கதவோரமாக நின்றிருந்தார். ஒல்லியான மனுஷி, முழங்கை வரை ரவிக்கை, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வை. அவர் முன்னால் நான் என்னை அறியாமல் கையைக் கட்டிக்கொண்டேன்.

கூடத்துக்குள் நுழைந்ததும் என் மனைவி நின்றுவிட்டாள். எதிர்ச் சுவர் முழுக்கப் படங்கள். டீச்சருடைய கணவர், மகள்கள், வரிசை வரிசையாகப் பள்ளிக்கூட வகுப்புப் படங்கள், ஒரு பூனை, ஒரு யானை, என்றோ கிடைத்த பாராட்டுப் பத்திரம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக, நேராகவும் கோணலாகவும். படம் எடுத்துவிட்ட இடங்களில் வெறும் ஆணிகள். இவள் வாய் தன்னால் திறந்தது.

"ஏன்னா, இத்தனை ஆணி!" என்றாள். "ஒருத்தர்ட்டயும் கேக்காம, தோணின எடத்துலல்லாம் அடிச்சிருக்கா, பாருங்கோ." நான் இருமினேன். அவளுக்குக் காதில் விழவில்லை. "நம்ப கடியாரத்த இந்தச் சுவர்ல மாட்டினா வாசப்படி ஏறச்சயே மணி தெரியும். பத்தொம்பது வருஷமாச்சுன்னா. ஒரு ஆணிக்கு எடம் இல்லாமப் போச்சே நமக்கு."

அப்போதுதான் அவளுக்குச் சத்தியம் நினைவு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். புரோக்கர் கண்ணை மூடிக்கொண்டார். டீச்சர் கண்ணாடிக்கு மேலாக எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பலா மரத்தைக் காட்டுவதற்காகப் பின்பக்கம் நடந்தார். டீச்சர் கேட்ட விலைக்கு மேலேயே தருவதாகப் போன் சொன்னது அங்கேயே எங்கள் காதில் விழுந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவள் தன் வாயையே திட்டிக்கொண்டு வந்தாள்.

நாலு நாள் கழித்து, சாயங்காலம் நாலு மணி ஆகப்போகிற நேரம், ஒரு ஆட்டோ வந்து நின்றது. குடையை மடக்கிக்கொண்டு டீச்சர் இறங்கினார், பின்னால் புரோக்கர். டீச்சர் வீட்டுக்குள் வந்து நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"அந்தக் கடிகாரம் ஒண்ணு காணணும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. புரோக்கர் தலையைச் சொறிந்துகொண்டு விளக்கினார். டீச்சருக்கு நாங்கள் பேசியது ஒரு சொல் விடாமல் புரிந்துவிட்டது. கேட்டு மனசு இளகியும்விட்டது. ஆனால் அதற்குள் எங்கள் பழைய கதையெல்லாம் அவர் காதுக்குப் போயிருந்தது. இந்தப் பார்ட்டி, விற்கிறவர் காதில் விழட்டும் என்றே தமிழ் பேசுகிறவர்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்றபோது புரோக்கர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் கடிகாரம் நிஜமாகவே இருக்கிறதா, இல்லை அதுவும் டெக்னிக்கா என்று நேரில் சோதிக்க வந்திருக்கிறார்.

என் மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறி மூட்டையை இறக்கினாள். வேஷ்டியைப் பிரித்தாள். போன ஆயுத பூஜைக் குங்குமம் இன்னும் கண்ணாடியில் இருந்தது. டீச்சர் குனிந்து பார்த்து, "ஓடுமோ?" என்று கேட்டார். இவள் சாவி கொடுத்தாள். நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். கடிகாரத்தைத் தூக்கிச் சுவரோடு வைத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி நின்றேன். பெண்டுலம் ஆட ஆரம்பித்தது. டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மணி தப்பாக இருக்கிறது என்றார். தலைமையாசிரியைக்குத் தப்பான மணி பொறுக்காது போல. இவள் முள்ளைத் திருப்பி நாலில் வைத்தாள்.

கடிகாரம் அடித்தது. பத்தொன்பது வருஷம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அடித்தது என்று எனக்குத் தோன்றியது, ஏனென்றால் என் முழங்கை வரை அதிர்ந்தது. டங், டங், டங், டங். நாலாவது டங் அடங்குவதற்குள் மாடிப்படியில் தடதடவென்று காலடி.

"ஆணி அடிச்சோ?" என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்காரர் உள்ளே வந்தார். சுவரில் கடிகாரம், கடிகாரத்துக்குக் கீழே கையைத் தூக்கியபடி நான். அவர் என்னை நம்பவில்லை. பக்கவாட்டில் வந்து, கடிகாரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு விரலை நுழைத்துத் தடவினார். எனக்குக் கை கடுத்தது, அக்குளில் வியர்த்தது, கோபம் தலைக்கேறியது, ஆனால் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு யாரும் சண்டை போட முடியாது. என் மனைவி அவமானத்தில் முகம் சிவந்து நின்றாள். அதுவரை நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

"ஆணி இல்லா" என்றார் டீச்சர். ஐந்நூறு பிள்ளைகளை அசெம்பிளியில் நிறுத்தி வைத்த குரல். வீட்டுக்காரர் விரலை எடுத்துக்கொண்டார். "இவிடெ இவரு ஆணி அடிக்கில்லா. இனி அடிக்குந்நது என்றெ வீட்டிலா."

இனி இவர்கள் ஆணி அடிக்கப்போவது என் வீட்டில்தான் என்கிறார். முதலில் புரிந்துகொண்டவள் என் மனைவி. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். டீச்சர் என் பக்கம் திரும்பி, இப்போது நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொன்னார்: "நான் கேட்ட விலையை அப்படியே தரணும். ஒரு பைசா குறைக்க மாட்டேன். அந்தப் போன்காரர் அதிகமாவே தரேன்னார், ஆனா அவருக்குச் சுவர் வேண்டாமாம். சிங்கம் ஒண்ணாம் தேதி வந்து அட்வான்ஸ் குடுங்க. இப்ப அந்தக் கடிகாரத்தை இறக்குங்க, கை வலிக்கும்."

ஆவணி முதல் தேதி அட்வான்ஸ் கொடுத்தோம். கடன் பாஸாகி, பத்திரம் பதிந்து, ஓணத்துக்கு இரண்டு நாள் முன்னால் சாவி வந்தது. டீச்சர் பெங்களூர் போய்விட்டிருந்தார். படங்கள் எல்லாம் போயிருந்தன. ஆணிகளை அப்படியே விட்டிருந்தார். நான் எண்ணிப் பார்த்தேன், கூடத்துச் சுவரில் மட்டும் நாற்பது. நடுவில், கண்ணுக்கு நேராக, கடிகாரத்துக்கென்றே அடித்து வைத்தது போல ஒரு நல்ல கெட்டி ஆணி. பால் காய்ச்சின கையோடு கடிகாரத்தை எடுத்து அதில் மாட்டப் போனேன்.

"அது டீச்சரோட ஆணி" என்றாள் என் மனைவி. கையில் சுத்தியல் வைத்திருந்தாள்.

நாற்பது ஆணி இருக்கிற சுவரில் நாற்பத்தோராவதற்கு இடம் தேடினோம். வாசலுக்குப் போய்ப் பார்த்தாள், சமையலறையிலிருந்து பார்த்தாள், பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். ஆணியைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி அடித்தாள். அடித்த கையோடு நிறுத்திவிட்டாள். நானும் அசையாமல் நின்றேன். இரண்டு பேரும் தலையைத் தூக்கி மேலே பார்த்துக் காது கொடுத்தோம். மேலே ஓடுதான். ஓட்டுக்கு மேலே பலா மரம்.

"போய்ப் பாருங்கோ" என்றாள் மெல்லிய குரலில். நான் கேட் வரைக்கும் போய், சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தேன். பக்கத்து மதிலுக்கு மேலாக ஒரு அம்மாள் தலையை நீட்டி, "கடிகாரம் மாட்டறீங்களா? டீச்சர் சொல்லிட்டுத்தான் போனாங்க" என்று தமிழில் கேட்டாள். இந்தச் சந்தில் நாங்கள் ரகசியம் பேசப் புதிதாக ஒரு பாஷைதான் படிக்க வேண்டும் போலிருக்கிறது. உள்ளே வந்தேன்.

"ஒருத்தரும் இல்லே. நீ அடி."

அடித்தாள். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது தெறித்துக் கூடத்தின் மறுகோடிக்குப் போயிற்று. மூன்றாவதில் உள்ளங்கை அளவுக்குப் பூச்சு பெயர்ந்து அவள் காலடியில் விழுந்தது. பதறிப்போய் என்னைப் பார்த்தாள். பிறகு அது யாருடைய சுவர் என்று நினைவு வந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே நாலாவதை அடித்தாள். அது இறங்கியது.

கடிகாரத்தைத் தூக்கி மாட்டினேன். அவள் சாவி கொடுத்து, முள்ளைத் திருப்பி, பெண்டுலத்தை விரலால் தொட்டுவிட்டாள். ஓட ஆரம்பித்தது. அவள் வழக்கம்போல எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"விடுங்கோ" என்றாள்.

"விழுந்துடும்."

"விழாது. விடுங்கோன்னா."

பத்தொன்பது வருஷப் பழக்கம், விரல் பிரிய மாட்டேன் என்றது. முதலில் ஒரு கையை எடுத்தேன். பிறகு இன்னொன்றையும் எடுத்துவிட்டு, போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.